அப்பத்தாவின் டப்பாவும் பன்றி ரூபாயும்

தேர்வு முடிந்து ஊருக்கு வந்து பத்து நாள் ஆகிறது. போன பதிவில் அடுத்து வட்டி விகிதம் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். மன்னிக்கவும், அது அப்புறம். இந்தப் பத்து நாளும் நான் பழைய காசுகளோடுதான் குடித்தனம் நடத்தினேன். பதிவு கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள் :-)

விஷயம் என் சித்தப்பாவில் ஆரம்பிக்கிறது. சின்ன லோடு வண்டி வைத்து ஓட்டுகிறார். இரண்டு மாதத் தவணை பாக்கி. அந்த நேரம் பார்த்து யாரோ வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். மாதா வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் நாணயம் இருந்தால் பத்து லட்சமாம். அவரிடம் அந்தக் காசு இருந்தது. வீடியோவில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டார். "பதிவுக் கட்டணம்" 2,500 ரூபாய் கட்டச் சொன்னார்கள், கட்டிவிட்டார். அடுத்து ஜி.எஸ்.டி. என்று 18,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். அதைக் கடன் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நான் ஊருக்கு வந்தேன்.

"நீ காமர்ஸ் படிக்கிறவன்தானே, ஜி.எஸ்.டி. இவ்வளவு வருமாடா?" என்று கேட்டார். பத்து லட்சம் தரப்போகிறவன் அதில் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தரலாமே சித்தப்பா, விற்கிற நீங்கள் எதற்கு முன்பணம் கட்டவேண்டும் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. அந்த வைஷ்ணோ தேவி நாணயம் 2012-இல் கோயில் வாரியத்தின் 25-ஆம் ஆண்டுக்காக அரசு வெளியிட்டது. சாதாரணமாகப் புழக்கத்துக்கு வந்த காசு. பழைய நோட்டு, நாணயம் வாங்க விற்க ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம், வரி, கமிஷன் கேட்டால் நம்பாதீர்கள், அப்படி யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவிப்பு விட்டது. 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குப் புகார் சொன்னோம். 2,500 இன்றுவரை திரும்பவில்லை.

ஆனால் சித்தப்பா விடவில்லை. "அது போகட்டும்டா. அப்பத்தா டப்பாவுல நெசமாவே பழைய காசு கெடக்கு. அதையாவது பாரு" என்று பரணில் ஏறி ஒரு ஹார்லிக்ஸ் தகர டப்பாவை இறக்கினார். அப்பத்தா கட்டிலில் இருந்தபடியே, "அது எங்க அய்யா குடுத்தது, விக்கிறதுக்கில்ல" என்று சத்தம் போட்டது. பார்க்க மட்டும்தான் அப்பத்தா என்று சொல்லித்தான் திறந்தோம்.

வைஷ்ணோ தேவி காசையும் சேர்த்தால் மொத்தம் 41 காசுகள். வரலாற்றுப் பாடத்தில் எனக்கு ஆண்டுகளே மண்டையில் ஏறாது. இந்த டப்பாவோ ஈஸ்ட் இந்தியா கம்பெனியில் இருந்து இந்திரா காந்தி காலம் வரைக்கும் வரிசையாகப் பாடம் எடுத்தது.

முதலில் ஓட்டைக் காலணா, ஒன்பது. நடுவில் பெரிய ஓட்டை, வாஷர் மாதிரி இருக்கும். 1943-இல் இருந்து 1947 வரை அடித்தது. இரண்டாம் உலகப்போரில் செம்புக்குத் தட்டுப்பாடு, அதனால் நடுவில் இருந்த உலோகத்தை எடுத்துவிட்டார்கள். பார்க்க விசித்திரமாக இருப்பதால் இதற்குப் பெரிய விலை இருக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கோடிக்கணக்கில் அடித்த காசு இது. நாணயக் கடைகளில் குவியலாகக் கிடக்கும்.

அடுத்து தாமரை போட்ட இருபது பைசா ஐந்து. 1968 முதல் 1971 வரை வந்தவை. மஞ்சளாக மின்னும். இதில் தங்கம் கலந்திருக்கிறது என்று அந்தக் காலத்தில் ஒரு புரளி. லட்சுமி தாமரையில் இருப்பதால் பூஜைக்கு 108 சேர்க்கிற வழக்கமும் இருந்தது. அப்பத்தாவும் 108 சேர்க்க நினைத்து ஐந்தோடு நின்றுவிட்டதாம். தங்கம் இல்லை, செம்பு அதிகமாக உள்ள கலவைதான்.

செம்புக் காசுகள் பதினான்கு. பெரும்பாலும் காலணா, கொஞ்சம் தம்பிடி. இதில் ஒன்றுதான் சித்தப்பாவைத் துள்ள வைத்தது. தேய்ந்துபோன பெரிய செம்புக் காசு. ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் கேடயத்தைப் பிடித்திருக்கும் கம்பெனி முத்திரை, கீழே 1808. மறுபக்கம் பாரசீக எழுத்து, அடியில் ரோமன் எண்ணில் இருபது என்று போட்டு, பக்கத்தில் ஆங்கிலத்தில் காசு. நம் "காசு" என்ற சொல்லைத்தான் அப்படியே எழுதியிருக்கிறார்கள்! "இருநூறு வருசத்துக்கு மேல ஆச்சுடா, இது லட்சம் போகும்" என்றார் சித்தப்பா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். தேடிப் பார்த்ததில் கிடைத்த கதை வேறு. அப்போது சென்னை ராஜதானிக்குத் தனிக் கணக்கு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். இந்தச் செம்புக் காசுகளை இங்கே அடிக்கவில்லை, இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கத்தில் மாத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் நீராவி இயந்திரத்தில் அடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் இந்த 1808 காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பி, 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு எதிரே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கிவிட்டது. 1980களில் முக்குளிப்பவர்கள் அந்தச் சரக்கை எடுத்தபோது லட்சக்கணக்கில் காசு வெளியே வந்தது. பீப்பாயில் அடைத்திருந்ததால் பல காசுகள் அன்று அடித்ததுபோலவே இருந்தன. யோசித்துப் பாருங்கள்: மதுரைச் சந்தையில் கைமாறிக் கைமாறித் தேய்ந்த எங்கள் காசு ஒரு பக்கம், கடலுக்கு அடியில் 170 வருடத்துக்கு மேல் பத்திரமாகத் தூங்கிய காசு இன்னொரு பக்கம். சேகரிப்பவர் எதை வாங்குவார்? சப்ளை கூடினால் விலை குறையும் என்று முதல் செமஸ்டரில் படித்தது இவ்வளவு தெளிவாக எனக்கு எப்போதும் புரிந்ததில்லை. இருநூறு வருடம் ஆனாலும் தேய்ந்த காசுக்குக் கிடைப்பது ஒரு குடும்பம் ஹோட்டலில் சாப்பிடுகிற காசுதான்.

ஆக, வயது வேறு விலை வேறு. எத்தனை அடித்தார்கள், எத்தனை மிஞ்சியது, மிஞ்சியது எந்த நிலையில் இருக்கிறது, அதைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. இந்தக் கணக்கை நன்றாகப் போட்டுப் பார்க்க ஏற்ற காசு வெள்ளி ரூபாய். டப்பாவில் பதினொன்று இருந்தன. எனக்கு நாலு நாள் தூக்கம் போனது இவற்றால்தான்.

1835-இல் கம்பெனி ஒரு சட்டம் போட்டு, தன் ஆட்சிப் பகுதி முழுக்க ஒரே ரூபாய் என்று ஆக்கியது. எடை 180 கிரெயின். அதாவது ஒரு தோலா, நம் கணக்கில் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. சித்த வைத்தியக் குறிப்புகளில் "ஒரு ரூபாய் எடை" என்று வரும் பாருங்கள், அது இந்த ரூபாய்தான். நாணயத்தையே எடைக்கல்லாக வைத்திருந்தார்கள் என்றால் எடையில் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கும்! அதனால் அடையாளம் காண்பதில் முதல் வேலை எடை போடுவது. தெருமுனை நகைக்கடையில் அண்ணன் ஒருவர் தராசு கொடுத்தார். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். ஒரு கிராம், ஒன்றரை கிராம் குறைந்தாலோ, எடை கூடினாலோ சந்தேகப்படவேண்டும்.

அடுத்தது தலை. தலை என்றால் அரசர் தலை. விக்டோரியா முகத்தோடு இரண்டு ரூபாய் இருந்தன. ஒன்றில் "குயின்" என்றும் மற்றதில் "எம்பிரஸ்" என்றும் இருந்தது. 1877-இல் இருந்து அவர் இந்தியாவின் பேரரசி, அந்த ஆண்டிலிருந்து காசிலும் பட்டம் மாறிவிட்டது. ஆண்டு தேய்ந்து அழிந்திருந்தால்கூட இந்த ஒரு சொல்லை வைத்து முன்னா பின்னா என்று சொல்லிவிடலாம். எங்கள் "எம்பிரஸ்" 1890. "குயின்" 1862. சித்தப்பா 1862-ஐத் தனியாக எடுத்துப் பையில் போட்டார். நான் திரும்ப வாங்கி வைத்தேன். ஏனென்றால் 1862 என்று போட்ட ரூபாயை 1862-இல் மட்டும் அடிக்கவில்லை. அச்சில் ஆண்டை மாற்றாமலேயே 1870களின் தொடக்கம் வரைக்கும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். எந்த வருடம் அடித்தது என்று தெரிய பம்பாய் நாணயச்சாலையில் சின்னச் சின்னப் புள்ளிகளை ஒளித்து வைத்தார்கள். அதனால் 1862 பொதுவாக நிறையக் கிடைக்கிற ரூபாய், ஆனால் சில புள்ளிக் கணக்குகள் அரிதானவை. எங்கள் காசில் எத்தனை புள்ளி? தெரியவில்லை. காரணம் பின்னால் சொல்கிறேன், வயிற்றெரிச்சல்.

எட்டாம் எட்வர்ட் என்று சித்தப்பா சொன்னது ஏழாம் எட்வர்ட். 1907, ஒன்றே ஒன்று. கிரீடம் இல்லாத வழுக்கைத் தலை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, நிறைய அடித்திருக்கிறார்கள்.

ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் நாலு: 1911, 1917, 1918 இரண்டு. 1918-இல் இரண்டு இருந்ததில் ஆச்சரியமே இல்லை. முதல் உலகப்போரில் இந்தியாவில் இருந்து சரக்கும் படையும் போனது, அதற்குக் கூலியும் விலையும் ரூபாயாகக் கொடுக்கவேண்டும். வெள்ளி விலையோ எகிறிவிட்டது. ரூபாயை உருக்கினால் ஒரு ரூபாய்க்கு மேல் வெள்ளி கிடைக்கும் நிலை வந்தது. அரசு உருக்கக் கூடாது என்று தடை போட்டது, 1917-இல் முதல்முறையாக ஒரு ரூபாய்க்குக் காகித நோட்டும் விட்டது. நோட்டில் காசின் படத்தையே அச்சடித்திருந்தார்கள், பார்த்து நம்புங்கள் என்பதுபோல. அதுவும் போதவில்லை. 1918-இல் அமெரிக்காவில் பிட்மேன் சட்டம் என்று ஒன்று வந்தது. 35 கோடி வெள்ளி டாலர் வரை உருக்கலாம் என்று அனுமதி. உருக்கிய வெள்ளியில் பெரும்பகுதி பிரிட்டன் வழியாக இந்தியாவுக்கு விற்கப்பட்டு இங்கே ரூபாயானது. அப்பத்தா டப்பாவில் கிடக்கிற 1918 ரூபாயில் அமெரிக்க டாலர் உருகிக் கலந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கதை பெரிய கதை, விலை என்னவோ வெள்ளி விலையை ஒட்டித்தான். நாலு வருடம் தள்ளி 1922 ரூபாய் கிடைத்தால் அது வேறு விஷயம், அது குறைவாக அடித்தது. எங்களிடம் இல்லை.

இப்போது 1911-க்கு வருகிறேன். இந்த ரூபாய்க்குச் சேகரிப்பவர்கள் வைத்திருக்கிற பெயர் "பன்றி ரூபாய்". ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்ததும் புது அச்சு செய்தார்கள். அரசர் போட்டிருந்த அங்கியில் மார்புப் பக்கம் ஒரு குட்டி யானை உண்டு, விருதுச் சங்கிலியில் வருவது. அச்சில் அந்த யானைக்குத் தும்பிக்கை குட்டையாகிவிட்டது. பார்ப்பதற்குப் பன்றி மாதிரியே இருக்கும். காசு வெளியே வந்ததும் பேச்சு கிளம்பியது. முஸ்லிம்களுக்குப் பன்றி ஆகாது, அந்தக் காசைத் தொடமாட்டோம் என்று எதிர்ப்பு வந்தது. 1857-இல் துப்பாக்கித் தோட்டாக் கொழுப்பு விவகாரத்தில் சூடுபட்ட அரசாங்கம் இல்லையா, இந்த முறை வாதாடவில்லை. காசு விடுவதை நிறுத்தியது, வெளியே போகாத காசுகளைத் திரும்ப உருக்கியது, 1912-இல் தும்பிக்கை நன்றாகத் தெரிகிறமாதிரி யானையைத் திருத்தியது.

லென்ஸ் வாங்கப் பணம் இல்லாமல் தாத்தாவின் பழைய கண்ணாடியைக் கழற்றி, அதன் வழியாக நான் அந்த யானையைத் தேடினேன். கிட்டத்தட்ட இருபது நிமிடம். அங்கே ஏதோ நாலு காலில் நிற்கிறது என்பது மட்டும் தெரிந்தது. பன்றியா யானையா பூனையா சொல்ல முடியவில்லை. அவ்வளவு மொழுக்கென்று இருந்தது.

ஏன் என்று அப்பத்தாவிடம் கேட்டேன். "வருசா வருசம் பொங்கலுக்கு முன்னாடி புளி போட்டுத் தேச்சு, துன்னூறு வச்சுத் தொடச்சு வைப்பேன்ல. எப்புடிப் பளபளன்னு இருக்கு பாத்தியா" என்றது பெருமையாக. ஐம்பது அறுபது பொங்கல்! அதில்தான் 1862-இன் புள்ளிகளும் போயின, ஜார்ஜின் யானையும் போனது. பழைய வெள்ளியின் மேல் படிகிற கருப்பு நிறத்தைத்தான் சேகரிப்பவர்கள் விரும்புகிறார்கள். அது கைபடாத காசு என்பதற்கு அத்தாட்சி. புளி, எலுமிச்சை, பற்பொடி, பாலிஷ் என்று எது பட்டாலும் மேல்பரப்பில் கீறல் விழும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது. இதை அப்பத்தாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. "நல்லா இருக்கு அப்பத்தா" என்று சொல்லிவிட்டேன்.

ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களை எடுத்ததும் சித்தப்பாவிடம் ஒரு தப்பு செய்தேன். 1939 என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அது இருந்தால் நிஜமாகவே லட்சக்கணக்கில் விலை போகும் என்று சொல்லித் தொலைத்தேன். 1939 ரூபாய் பழைய பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியில் அடித்த கடைசி ரூபாய். போர் ஆரம்பித்ததும் மக்கள் வெள்ளியைப் பதுக்கத் தொடங்கிவிட்டார்கள், அரசும் 1940-இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டது. 1939 போட்ட ரூபாய் மிகச் சிலதான் மிஞ்சியிருக்கின்றன, ஏலத்துக்கு வந்தால் போட்டி நடக்கும். அதனாலேயே போலியும் அதிகம். 1938 ரூபாயில் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குவார்கள், அல்லது வார்ப்பில் செய்வார்கள். ஒன்பதின் வால் மற்ற எண்களோடு ஒத்துப்போகிறதா, சுற்றிலும் சுரண்டின அடையாளம் இருக்கிறதா, விளிம்பில் வார்ப்புக் கோடு தெரிகிறதா என்று பார்க்கவேண்டும்.

மூன்று காசையும் சித்தப்பா கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். 1940. 1944. 1945. கடைசிக் காசை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

இந்த மூன்றிலும் பாதிதான் வெள்ளி, மிச்சம் செம்பு, நிக்கல், துத்தநாகம். எடை அதே 11.66 கிராம் என்பதால் எடையை வைத்துப் பிரிக்க முடியாது. விளிம்பைப் பாருங்கள்: பழைய ரூபாயில் வெறும் கோடுகள், 1940-இல் இருந்து கோடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடும், போலியைத் தடுக்க. போரின்போது அமெரிக்காவிடம் இருந்து இந்தியா 22 கோடி அவுன்சுக்கு மேல் வெள்ளி கடனாக வாங்கியது, பணமாகத் தரக்கூடாது, வெள்ளியாகவே திருப்பித் தரவேண்டும் என்ற பேச்சில். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தப் பாதி வெள்ளி ரூபாய்களைத் திரட்டி உருக்கிச் சுத்திகரித்து 1957-க்குள் கடனை அடைத்தார்கள். வெள்ளிக்குப் பதில் ரூபாய் எதில் அடிப்பது? நிக்கலில். 1947 ரூபாய், பின்பக்கம் புலி நடந்துபோகும், எங்கள் டப்பாவில் பதினோராவது காசு.

இந்தப் புலி ரூபாயால் ஒரு கூத்து. எந்தக் காசு வெள்ளி என்று பார்க்க பழைய ஸ்பீக்கரில் இருந்து காந்தம் எடுத்து வைத்தேன். வெள்ளியும் செம்பும் ஒட்டாது. புலி ரூபாய் டக்கென்று ஒட்டிக்கொண்டது. சித்தப்பா கத்திவிட்டார்: "டேய், சக்தி இருக்குடா இதுல! அரிசி இழுக்கும்டா!" நிக்கல் காந்தத்தில் ஒட்டும் சித்தப்பா, ஒன்பதாம் வகுப்புப் பாடம் என்று சொல்லி உட்காரவைத்தேன்.

சிரிக்காதீர்கள். அரிசி இழுக்கும் காசு, இரிடியம் கலசம் என்று சொல்லி ஏமாற்றிக் கைதானவர்கள் பற்றி நம் ஊர்ப் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. அந்த வியாபாரத்தில் பெரும்பாலும் காட்டப்படுகிற காசு ஒன்று உண்டு. அது எங்கள் டப்பாவிலும் இருந்தது. நாற்பத்தோராவது காசு, மஞ்சள் துணியில் தனியாகச் சுற்றி வைத்திருந்தது. ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணன், காலடியில் அனுமார். மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஓரணா, 1818. அப்பத்தாவுக்கு இதுதான் உசிர். கல்யாணமாகி வந்தபோது அவருடைய அய்யா கையில் கொடுத்ததாம்.

இது நாணயமே இல்லை என்று கண்டுபிடிக்க எனக்கு அரை மணிநேரம் ஆனது. 1818 என்ற ஆண்டு முதலில் என்னைக் குழப்பியது, ஏனென்றால் அந்த ஆண்டில்தான் சென்னை ராஜதானி வராகனை விட்டு ரூபாய்க் கணக்குக்கு மாறியது. ஆனால் ஓரணா இடித்தது. 1835 சட்டம் கொண்டுவந்த வரிசையில் ஓரணாக் காசு கிடையாது. அணா என்பது கணக்கில் இருந்தது, கையில் காலணாவும் அரையணாவும்தான் இருந்தன. ஓரணாவுக்குத் தனி நாணயம் வந்தது 1907-இல், ஏழாம் எட்வர்ட் காலத்தில், ஓரம் வளைந்து வளைந்து இருக்கும். எனவே 1818 ஓரணா என்று எதுவும் இருக்கவே முடியாது. மேலும் கம்பெனி ராமர் உருவத்தோடு இப்படி அணா அடித்ததே இல்லை. ராமர் பட்டாபிஷேகம் போட்ட பூஜை வில்லைகள் வட இந்தியாவில் பழைய காலத்தில் இருந்து உண்டு, ராமடங்கா என்பார்கள். அதைப் பார்த்து யாரோ கம்பெனி பெயரையும் ஒரு ஆண்டையும் சேர்த்து அடித்து விற்றதுதான் இது. 1616, 1717 என்றெல்லாம்கூடப் போட்டு விற்கிறார்கள். கம்பெனியே 1600-இல்தான் தொடங்கியது, 1616-இல் அது சூரத்தில் வெறும் வியாபாரம்தான் செய்துகொண்டிருந்தது!

மறுநாள் டவுனுக்குப் போய்ப் பழைய நாணயம் விற்கிற ஒரு பெரியவரைப் பார்த்தோம். ராமர் காசை அப்பத்தா தரவில்லை, படம் மட்டும். அதைப் பார்த்ததும் அவர் ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பித் தந்துவிட்டு, "பூசையில வச்சிருக்காங்களா? இருக்கட்டும் தம்பி" என்றார். ரூபாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். விளிம்பைப் பிடித்துத்தான் தூக்கினார், முகத்தில் விரலே படவில்லை. கணக்கு நான் வீட்டிலேயே போட்டு வைத்திருந்தேன். பழைய ரூபாயில் சுத்த வெள்ளி 10.69 கிராம், ஏழு காசுக்கு ஏறக்குறைய 75 கிராம். பாதி வெள்ளி ரூபாயில் 5.83 கிராம், மூன்றுக்கு பதினேழரை. மொத்தம் 92 கிராம் சொச்சம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் அடிமட்ட விலை தெரிந்துவிடும். அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்கக்கூடாது. அதற்கு மேலே எவ்வளவு என்பதுதான் சேகரிப்பு மதிப்பு.

1911-ஐ அவர் கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தார். "தேய்ச்சிருக்காங்க" என்றார். வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார். தேய்க்காமல் இருந்தால்? "ரெண்டு மடங்கு கேட்டாலும் குடுத்திருப்பேன்." 1862-க்கும் அதே பேச்சு, புள்ளி தெரியவில்லை. மற்றவை எல்லாம் வெள்ளி விலைதான். இணையத்தில் இதே 1911-க்கு ஒருவர் எட்டு லட்சம் கேட்கிறாரே என்றேன். "கேக்கட்டும். வித்துச்சா?" என்றார். எனக்கு அந்த ஒரு கேள்வியிலேயே விஷயம் புரிந்துவிட்டது. விற்பவர் போடுகிற விலை ஆசை. ஏலத்தில் முடிந்த விலை, பட்டியலில் உள்ள விலை, கடைக்காரர் கையில் தருகிற விலை மூன்றும் வேறு வேறு. கடைக்காரருக்கு வாடகை, லாபம் எல்லாம் இருக்கிறது, பட்டியல் விலையை அவர் தரமாட்டார், தரவும் முடியாது. மதிப்பு தெரிய வேண்டுமென்றால் ஏலத்தில் முடிந்த விலைகளைத் தேடுங்கள், அதே ஆண்டு, அதே சாலைக்குறி, அதே தேய்மானம் உள்ள காசாகப் பார்த்து.

சாலைக்குறி என்றதும் ஒன்று. இன்றைய காசுகளில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள்: வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. சென்னைக்குக் குறி இல்லையே என்று கேட்காதீர்கள், நம் தங்கசாலை 1869-இலேயே மூடிவிட்டது. தெருப் பெயர் மட்டும் இருக்கிறது.

சித்தப்பா திரும்பி வரும்போது பேருந்தில் பேசவே இல்லை. இறங்குகிற இடத்தில், "எல்லாத்தையும் வித்தாலும் ஒரு தவணைக்கு வருமாடா?" என்று கேட்டார். வரும், வெள்ளி விலை ஏறியிருக்கிறது என்றேன். "அம்மா இருக்கிற வரைக்கும் வேணாம்" என்றார். தவணைக்கு அப்பா பாதி கொடுத்தார். அந்த மோசடி எண்ணில் இருந்து இன்னும் அழைப்பு வருகிறது, இப்போது 9,000 கட்டினால் போதுமாம்.

ரூபாய் ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு ஆண்டு எழுதி வைத்தேன். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், சில வகை பிளாஸ்டிக் நாளாக ஆகக் காசில் பச்சையாகப் படியும். இனிமேல் புளி போடாதே என்று அப்பத்தாவிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறேன். "அப்ப கறுத்துப் போகுமேடா" என்கிறது. ராமர் காசு மஞ்சள் துணியோடு பூஜை அறைக்குப் போய்விட்டது. அதை மட்டும் எப்படி வேண்டுமானாலும் தேய்த்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறேன் :-)

உங்கள் வீட்டில் 1862 ரூபாய், தேய்க்காததாக, இருந்தால் புள்ளிகளை எண்ணிச் சொல்லுங்கள். எங்கே எங்கே புள்ளி இருக்கிறது என்று படம் போட்டு ஒரு பட்டியல் தயார் செய்துகொண்டிருக்கிறேன். வட்டி விகிதம் பதிவு அடுத்த வாரம்.